காற்றை வெறுக்கும் கிருமியும் கிட்டசாட்டோவும்

காலில் முள் குத்தினாலும் ஆணி குத்தினாலும் வீட்டுப் பெரியவர்கள் முதலில் கேட்பது டி.டி. ஊசி போட்டாயிற்றா என்பதுதான். ஊசியின் பெயர் நம் எல்லாருக்கும் தெரியும். அந்த ஊசி பிறப்பதற்கு வழி திறந்தவரின் பெயர் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? அவர் ஜப்பானியர். 2024ஆம் ஆண்டு வெளியான ஆயிரம் யென் நோட்டில் அவர் முகத்தைப் பொறித்து அவருடைய நாடு அவரைப் பெருமைப்படுத்தியிருக்கிறது. பெயர் கிட்டசாட்டோ ஷிபாசபுரோ. பிராணவாயு பட்டால் வளர மறுக்கும் ரண ஜன்னிக் கிருமியை உலகில் முதன்முதலாகத் தனியே பிரித்து வளர்த்துக் காட்டியவர் இவரே. அவருடைய வரலாற்றை நம் ஆண்டு மலரின் வாசகர்களுக்குச் சுருக்கமாகச் சொல்ல விழைகிறோம்.

ஜப்பானின் தென்பகுதியில் உள்ள கியூஷு தீவில், குமமோட்டோ பகுதியின் மலைகளுக்கு நடுவே ஒகுனி என்னும் ஊர் இருக்கிறது. அங்கே 1853ஆம் ஆண்டு ஜனவரி 29ஆம் நாள், கிராமத் தலைவர் ஒருவரின் மூத்த மகனாகக் கிட்டசாட்டோ பிறந்தார். சிறுவனுக்குப் போர்வீரனாக வேண்டும் என்பதே ஆசை. மருத்துவத் தொழில் அவனுக்கு அற்பமாகத் தோன்றியது. பெற்றோரின் வற்புறுத்தலுக்காகவே 1871இல் குமமோட்டோ மருத்துவப் பள்ளியில் சேர்ந்தார். அங்கே ஆசிரியராக இருந்த மான்ஸ்வெல்ட் என்னும் டச்சு மருத்துவர் ஒரு நாள் அவரை நுண்பெருக்கியின் முன் உட்காரவைத்தார். கண்ணுக்குத் தெரியாத ஓர் உலகம் கண்ணாடிக்குக் கீழே விரிந்தது. பெற்றோர் சொல்லி நடக்காத மாற்றம் அந்த ஒரு காட்சியால் நடந்தது.

பின்னர் டோக்கியோ சென்று படித்தார். மாணவராக இருந்தபோதே மருத்துவரின் முதற்கடமை என்ன என்பதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். நோய் வந்தபின் தீர்ப்பதைவிட, மக்களுக்கு உடல்நலம் காக்கும் வழியைக் கற்பித்து நோயை வராமல் தடுப்பதே மருத்துவத்தின் அடிப்படை என்பது அதன் கருத்து. 1883இல் பட்டம் பெற்றதும் நோயாளிகளைப் பார்த்துப் பணம் ஈட்டும் வழியில் செல்லாமல் அரசின் சுகாதார அலுவலகத்தில் சேர்ந்தார். அரசு அவரை ஜெர்மனிக்கு அனுப்பியது. 1886ஆம் ஆண்டு தொடக்கத்தில் பெர்லினில் ராபர்ட் காக் அவர்களின் ஆய்வுக்கூடத்தில் அவர் மாணவரானார். காசநோய்க் கிருமியையும் காலராக் கிருமியையும் கண்டறிந்த அதே காக்தான்.

இந்த இடத்தில் கிட்டசாட்டோவைச் சற்று நிறுத்தி வைத்துவிட்டு, அவர் எதிர்கொண்ட கிருமியைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது.

உயிர் வாழக் காற்று வேண்டும் என்றுதான் நாம் சிறு வகுப்பு முதல் படித்து வருகிறோம். ஆனால் 1861ஆம் ஆண்டு பிரான்சு நாட்டு லூயி பாஸ்டர் இதற்கு நேர்மாறான ஒன்றைக் கண்டார். கெட்டுப்போன வெண்ணெயின் நாற்றத்தைத் தரும் ஒருவகைப் புளிப்பை அவர் ஆராய்ந்துகொண்டிருந்தார். அந்தத் திரவத்தில் ஒரு துளியைக் கண்ணாடியில் வைத்துப் பார்த்தபோது, துளியின் நடுவில் இருந்த நுண்ணுயிர்கள் துள்ளி ஓடின. காற்றுப்படும் ஓரங்களில் இருந்தவையோ அசைவற்றுக் கிடந்தன. எது நமக்கு உயிரோ அதுவே அவற்றுக்கு நஞ்சாக இருந்தது. அத்தகைய உயிர்களுக்குக் காற்றிலா உயிரிகள் என்னும் பொருள்பட அவர் பெயரிட்டார்.

இது ஏதோ விதிவிலக்கான சில கிருமிகளின் வினோதம் என்று எண்ணிவிடக் கூடாது. பூமியில் உயிர் தோன்றியபோது காற்றில் பிராணவாயு ஏறக்குறைய இல்லை. சுமார் 240 கோடி ஆண்டுகளுக்கு முன்புதான் அது காற்றில் சேரத் தொடங்கியது. அதற்கு முன் வெகுகாலம் பூமியை ஆண்டவை காற்றிலா உயிரிகளே. பிராணவாயு வந்தபின் அவை சேற்றுக்குள்ளும், குளத்தின் அடியிலும், விலங்குகளின் குடலுக்குள்ளும் ஒதுங்கிக்கொண்டன. நீர் நிற்கும் நெல்வயலில் கால் வைத்தால் குமிழிகள் கிளம்புகின்றனவே, அவற்றில் உள்ள மீத்தேன் வாயு இவற்றின் வேலைதான். சாண எரிவாயுத் தொட்டியை மூடியே வைத்திருப்பதும் இவற்றுக்காகத்தான். திறந்து காற்றை விட்டால் வேலை நின்றுபோகும். நம் பெருங்குடலில் வாழும் நுண்ணுயிர்களில் மிகப் பெரும்பாலானவையும் இவ்வினமே. நாம் உண்ணும் கீரையிலும் தானியத்திலும் நம்மால் செரிக்க முடியாத நார்ப்பகுதியை அவை நமக்காகச் சிதைத்துத் தருகின்றன. இவற்றுள் பல காற்றில் மடிவது ஏன் என்று கேட்கலாம். பிராணவாயு உயிரணுவுக்குள் புகுந்தால் அங்கே சில கொடிய விளைபொருள்கள் உண்டாகின்றன. நம் உயிரணுக்களில் அவற்றை உடனே அழிக்கும் நொதிகள் உண்டு. இந்த உயிரிகளிடம் அந்த நொதிகள் இல்லை, அல்லது போதிய அளவில் இல்லை.

இந்தப் பெருங்குடும்பத்தில் சில கொடியவையும் உண்டு. அவற்றுள் ஒன்றே ரண ஜன்னிக் கிருமி. இந்நோய் வந்தவருக்கு முதலில் தாடை இறுகி வாய் திறக்க முடியாமல் போகும். பிறகு கழுத்தும் முதுகும் விறைத்து, உடல் வில்லைப் போல வளையும். தனுர்வாதம் என்றும் வில்வாதம் என்றும் நம் முன்னோர் பெயரிட்டது இதனால்தான். சிறு ஓசை கேட்டாலும், சன்னல் வழியே வெளிச்சம் விழுந்தாலும் உடல் முழுவதும் இசிவு எடுக்கும். நினைவு மட்டும் கடைசிவரை தெளிவாக இருக்கும் என்பதே இந்நோயின் பெருங்கொடுமை.

1884ஆம் ஆண்டு ஜெர்மனியில் நிக்கலாயர் என்னும் இளைஞர், தோட்டத்து மண்ணைச் சுண்டெலிகளின் தோலுக்கடியில் வைத்தபோது அவற்றுக்கு இந்நோய் வந்ததைக் கண்டார். அந்தப் புண்களில் குச்சி போன்ற ஒரு கிருமி தென்பட்டது. ஒரு முனையில் வித்துப் பருத்திருப்பதால் அது மத்தளம் அடிக்கும் கோல் போலத் தோன்றும். ஆனால் பார்த்தால் மட்டும் போதுமா? அதைத் தனியாகப் பிரித்து வளர்த்து, அதைக் கொண்டே மீண்டும் நோயை உண்டாக்கிக் காட்டினால்தான் குற்றவாளி அதுவே என்று தீர்ப்புச் சொல்லலாம். இது காக் வகுத்த நெறி. எத்தனையோ பேர் முயன்றனர், பலிக்கவில்லை. வேறு கிருமிகளோடு கலந்திருக்கும்போது வளர்ந்தது; தனியே பிரித்தால் வளரவில்லை. எனவே வேறு கிருமிகளின் துணையின்றி இது வாழாது என்று பெயர்பெற்ற பேராசிரியர்களே முடிவு கட்டினர்.

கிட்டசாட்டோ அதை ஒப்பவில்லை. ஜெலட்டின் ஊனைக் குழாயில் உறையவைத்து, கிருமி தோய்ந்த கம்பியை அதில் நேராக இறக்கிப் பார்த்தார். மேற்பரப்பில் வேறு கிருமிகள் வளர்ந்தன. மத்தளக் கோலோ, காற்று எட்டாத ஆழத்தில் வளர்ந்திருந்தது. அதற்கு வேண்டியது துணை அன்று. காற்றில்லாத தனிமை என்பது அவருக்கு விளங்கிவிட்டது. மற்றக் கிருமிகள் மேலே இருந்து காற்றை உறிஞ்சித் தீர்த்ததால்தான் இது அவற்றோடு சேர்ந்து வாழ்வதுபோல் தோன்றியது. மற்றவர்களும் இதே குழாய்களைத்தான் பார்த்திருப்பார்கள். ஆனால் எந்த இடத்தில் வளர்கிறது என்று கேட்டவர் இவர்தான்.

இனி இரண்டு வேலைகள் இருந்தன. முதலாவது, கலந்திருக்கும் பிற கிருமிகளை அகற்றுவது. இக்கிருமியின் வித்து வெப்பத்தைத் தாங்கும் என்று அவர் அறிந்திருந்தார். ஆகவே கலவையை 80 பாகை வெப்பத்தில் ஏறத்தாழ ஒரு மணி நேரம் வைத்தார். மற்றவை மடிந்தன; வித்துகள் தப்பின. இரண்டாவது, காற்றை விலக்குவது. நம் வேதியியல் ஆய்வுக்கூடத்தில் அழுகிய முட்டை நாற்றத்தோடு ஒரு மூலையில் நிற்கும் கிப் உபகரணத்தை மேல்வகுப்பு மாணவிகள் அறிவர். கிட்டசாட்டோ அதில் துத்தநாகத்தையும் அமிலத்தையும் இட்டு ஹைட்ரஜன் வாயுவைத் தயாரித்தார். கழுத்து நீண்டு ஆமை வடிவில் அமைந்த ஒரு தட்டையான கண்ணாடிக் கலத்தைத் தாமே வடிவமைத்து, அதற்குள் ஹைட்ரஜனைச் செலுத்தி, இருந்த காற்றையெல்லாம் வெளியேற்றி, வாயை உருக்கி மூடினார். ஹைட்ரஜன் காற்றோடு கலந்த நிலையில் தீப்பொறி பட்டால் வெடிக்கும். கவனம் சிதறினால் கண்ணையே இழக்கக்கூடிய வேலை அது. கலத்துக்குள் கிருமி தனியே, செழிப்பாக வளர்ந்தது. சுண்டெலியின் உடலில் செலுத்தியபோது ரண ஜன்னி வந்தது. 1889ஆம் ஆண்டு ஜெர்மானிய அறுவை மருத்துவர்களின் மாநாட்டில் அதை அவர் காட்டினார். அப்போது அவருக்கு வயது 36.

துருப்பிடித்த ஆணி குத்தினால்தான் ஆபத்து என்று நம்மில் பலர் நம்புகிறோம் அல்லவா? துருவுக்கும் ஜன்னிக்கும் நேர்த் தொடர்பு இல்லை. மண்ணிலும் சாணத்திலும் கிடக்கும் வித்து ஆணியோடு உள்ளே போகிறது. துவாரம் குறுகியதாகவும் ஆழமாகவும் இருப்பதால் காற்று எட்டுவதில்லை. ஆணி செய்து தருவது கிட்டசாட்டோவின் கலத்தைப் போன்ற ஓர் இடத்தையே. விளையாட்டு மைதானத்தில் விழுந்து முழங்காலை அகலமாகச் சிராய்த்துக்கொண்டு அழுகிற தோழியைவிட, சிறு முள் ஆழமாகக் குத்தியும் யாரிடமும் சொல்லாமல் இருக்கும் தோழியைப் பற்றித்தான் நாம் அதிகம் கவலைப்பட வேண்டும்.

தனிக்கிருமி கையில் வந்தபின் அடுத்த வியப்புத் தோன்றியது. நோயால் இறந்த விலங்கின் இரத்தத்திலோ மூளையிலோ அக்கிருமி காணப்படவில்லை. அது புண் இருந்த இடத்தை விட்டு நகரவே இல்லை. அப்படியானால் உடல் முழுவதையும் வில்லாக வளைத்தது எது? கிருமி தான் இருந்த இடத்திலிருந்தே ஒரு நஞ்சைச் சுரந்து அனுப்புகிறது என்பது தெளிவாயிற்று. நரம்புகளின் வழியே அது தண்டுவடத்தை அடைந்து, தசைகளைத் தளரச்செய்யும் கட்டளைகளைத் தடுத்துவிடுகிறது. கட்டளை வராத தசை இறுகியே கிடக்கிறது. அந்த நஞ்சின் வலிமையை நினைத்தால் நடுக்கம் உண்டாகும். ஒரு கிராமைக் கோடிப் பங்காக்கினால், அதில் ஏறத்தாழ இரண்டு பங்கே ஒரு மனிதரைக் கொல்லப் போதும்.

அதே ஆய்வுக்கூடத்தில் எமில் பெரிங் என்னும் ஜெர்மானியர் தொண்டை அடைப்பான் நோயை ஆராய்ந்துகொண்டிருந்தார். இருவரும் கைகோத்தனர். முயல்களுக்கு நோயை எதிர்க்கும் ஆற்றலைப் படிப்படியாக உண்டாக்கி, அந்த முயலின் இரத்தத்தைச் சுண்டெலிக்குச் சிறிதளவு செலுத்தினர். 24 மணி நேரம் கழித்து அந்த எலிக்குக் கடுமையான ஜன்னிக் கிருமியை ஏற்றினர். எலி பிழைத்தது! முயலின் இரத்தம் பெறாத எலிகள் மாண்டன. இரத்தத்தின் நீர்ப்பகுதியாகிய சீரத்தில் நஞ்சை முறிக்கும் பொருள் உண்டாகியிருக்கிறது என்றும், அதை ஓர் உயிரிடமிருந்து மற்றோர் உயிருக்குக் கொடுக்க முடியும் என்றும் மெய்ப்பித்த அந்தக் கட்டுரை இருவர் பெயரிலும் 1890ஆம் ஆண்டு டிசம்பர் 4ஆம் நாள் வெளிவந்தது. உடலின் எதிர்ப்பாற்றலைப் பற்றிய இன்றைய அறிவியல் பெரிதும் இதன் மேல் நிற்கிறது.

1901ஆம் ஆண்டு மருத்துவத்துக்கான முதல் நோபல் பரிசு அறிவிக்கப்பட்டபோது அது பெரிங் ஒருவருக்கே கிடைத்தது. சீர மருத்துவத்துக்காக, சிறப்பாகத் தொண்டை அடைப்பான் நோய்க்கு அதைப் பயன்படுத்தியதற்காக என்று காரணம் கூறப்பட்டது. காரணம் எதுவாயினும், வழிகாட்டியது ஜன்னி ஆராய்ச்சியே. இணைந்து உழைத்தவருக்குப் பங்கு இல்லாமற் போனதை நம் மனம் ஏற்க மறுக்கிறது.

1892இல் அவர் தாய்நாடு திரும்பினார். பிரஷ்ய அரசு புரொபசர் பட்டம் அளித்துச் சிறப்பித்த அறிஞருக்குச் சொந்த நாட்டில் வேலை இல்லை! ஏன் என்பதை அறிய, ஒரு பழைய கதைக்குப் போக வேண்டும். அந்நாளில் ஜப்பானில் பெரிபெரி நோயால் பலர் மாண்டுவந்தனர். 1885இல் ஒகாட்டா என்னும் அறிஞர் அதற்குரிய கிருமியைக் கண்டதாக அறிவித்தார். கிருமியியலின் பாலபாடத்தைக் கிட்டசாட்டோவுக்குக் கற்பித்தவர் இந்த ஒகாட்டாதான். ஆயினும் அவருடைய சோதனை முறை தவறு என்று கிட்டசாட்டோ ஜெர்மனியிலிருந்தே வெளிப்படையாக எழுதினார். ஆசானை எதிர்த்த நன்றிகெட்டவன் என்று டோக்கியோப் பல்கலைக்கழகத்தார் தூற்றினர். தனிப்பட்ட அன்பு வேறு, அறிவியல் உண்மை வேறு என்பதே அவருடைய நிலை. பெரிபெரி கிருமியால் வருவதன்று, தீட்டிய வெள்ளை அரிசியையே உண்பதால் பி1 வைட்டமின் குறைந்து வருவது என்று பிற்காலத்தில் நிலைநாட்டப்பட்டது. உண்மை அவர் பக்கம் இருந்தது. ஆனால் அதற்குள் பல்கலைக்கழகத்தின் கதவு மூடிவிட்டது.

அந்த வேளையில் கைகொடுத்தவர் ஃபுக்குசவா யுக்கிச்சி. ஜப்பானில் புதிய கல்வியைப் பரப்பிய பெருமகனார். தம் நிலத்தைத் தந்து, செல்வர் ஒருவரின் உதவியையும் பெற்று, 1892இல் டோக்கியோவில் தொற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் ஒன்றை அவருக்காக அமைத்துக்கொடுத்தார். சிறு கட்டடம்தான். ஆனால் அங்கே பயின்றவர்களுள் ஷிகா கியோஷி 1897இல் சீதபேதிக் கிருமியைக் கண்டறிந்தார். ஹட்டா சகாச்சிரோ பின்னர் ஜெர்மனி சென்று, எர்லிக் என்னும் அறிஞருடன் சால்வர்சான் மருந்தைக் கண்டதில் பங்குகொண்டார். கிட்டசாட்டோ கோபக்காரர். மாணவர்கள் அவரை ஜெர்மன் மொழியில் இடி என்று பொருள்படும் பெயரால் அழைத்தனர். இடி முழங்கி ஓய்ந்தபின் மழையும் பெய்யும் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர் போலும். யாரும் அவரை விட்டுப் போகவில்லை.

1894இல் ஹாங்காங்கில் பிளேக் பரவியது. கிட்டசாட்டோ குழுவினருடன் விரைந்து சென்று, சில நாள்களில் கிருமியைக் கண்டதாக அறிவித்தார். அதே வேளையில் அங்கு வந்த அலெக்சாந்தர் யெர்சின், போதிய வசதியின்றி ஒரு குடிசையில் வேலை செய்து, அதே கிருமியை மேலும் தெளிவாக விவரித்தார். கிட்டசாட்டோவின் மாதிரியில் வேறு கிருமி கலந்திருந்ததால் அவருடைய விவரிப்பில் குழப்பம் நேர்ந்தது. இன்று அக்கிருமி யெர்சினின் பெயரையே தாங்குகிறது. அது நியாயம்தான்.

இதற்கிடையில் ஜன்னிக்குச் சீரம் பெருமளவில் தயாரிக்கப்படலாயிற்று. குதிரைகளின் இரத்தத்திலிருந்து எடுத்த அச்சீரத்தை முதல் உலகப் போரில் காயமுற்ற வீரர்களுக்குத் தவறாமல் செலுத்தத் தொடங்கியபின், அவர்களிடையே ரண ஜன்னி வெகுவாகக் குறைந்தது. சீரம் தரும் காப்பு சில வாரங்களே நிற்கும். 1920களில் பிரான்சின் கஸ்தோன் ரமோன், நஞ்சைப் பார்மலினால் பதப்படுத்தி அதன் கொடுமையை நீக்கித் தடுப்பூசியாக்கினார். அதுவே டி.டி. ஊசி. இந்நோய் வந்து பிழைத்தவருக்குக்கூட மறுமுறை வராது என்ற உறுதி இல்லை. கொல்லும் அளவு நஞ்சே மிகச் சிறிதாகையால் உடல் அதை அடையாளம் கண்டு எதிர்க்கக் கற்பதில்லை. ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றுவதும் இல்லை. ஆகவே ஊரார் அனைவரும் ஊசி போட்டுக்கொண்டாலும் போடாதவருக்கு அதனால் காப்பு இல்லை. அவரவர் கையை அவரவரே நீட்ட வேண்டும்!

ஒருவருக்கு மட்டும் இதில் விலக்கு உண்டு. அது பிறந்த குழந்தை. தூய்மையற்ற கத்தியால் தொப்புள்கொடியை அறுத்தாலோ, அறுத்த இடத்தில் சாணத்தையோ சாம்பலையோ வைத்தாலோ, கிருமி உள்ளே போய்விடும். நன்றாகப் பால் குடித்துக்கொண்டிருந்த குழந்தை ஒரு வாரத்தில் வாய் திறக்க முடியாமல் இறக்கும். 1988ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 7,87,000 பச்சிளங் குழந்தைகள் இவ்வாறு மாண்டதாக உலக நல நிறுவனம் கணக்கிட்டது. தாய்க்குக் கர்ப்ப காலத்தில் ஊசி போட்டால் அவள் இரத்தத்தில் உண்டாகும் எதிர்ப்பொருள் கருவிலேயே குழந்தையைச் சேர்கிறது. அன்று முயலிடமிருந்து எலிக்குக் கொடுத்தது போலவே தாய் தன் பிள்ளைக்குக் கொடுக்கிறாள். தாய்மார்க்கு இந்த ஊசியும், தூய்மையான பிரசவமும் பரவியதால், 2015இல் நம் இந்திய நாடு இக்கொடுமையை ஏறக்குறைய ஒழித்துவிட்டதாக அறிவிக்கப்பட்டது. கிருமி மண்ணில் இருந்துகொண்டேதான் இருக்கும். எனவே ஊசியை நிறுத்த முடியாது. இப்போது நம் நாட்டில் 10 வயதிலும் 16 வயதிலும் போடப்படும் ஊசி, தொண்டை அடைப்பான் நோயையும் சேர்த்துத் தடுப்பது. ஆங்கிலத்தில் அதற்குப் பெயர் மாறியிருந்தாலும், தமிழில் எழுதினால் பழையதும் டி.டி., புதியதும் டி.டி.யாகவே அமைவது வேடிக்கை.

கிட்டசாட்டோவின் பிற்காலத்தைச் சொல்லி முடிக்கிறோம். 1914இல், அரசின் வசமாகியிருந்த அவருடைய நிலையத்தை அவரைக் கலந்துகொள்ளாமலே கல்வி அமைச்சகத்துக்கு மாற்றினார்கள். பழைய பகையாகிய பல்கலைக்கழகத்தோடு அது இணைய இருந்தது. 61 வயதில் அவர் பதவியைத் துறந்தார். அவரோடு ஆய்வாளர்கள் அனைவரும் விலகினர். அவ்வாண்டு நவம்பரிலேயே தம் சொந்தப் பொருளைக் கொண்டு கிட்டசாட்டோ நிலையத்தைத் தொடங்கினார். அந்நிலையத்தில் பணியாற்றிய ஓமுரா சத்தோஷி, மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரிலிருந்து யானைக்கால் நோய்க்கும் பயன்படும் மருந்துக்கு வழி கண்டு 2015இல் நோபல் பரிசு பெற்றார். ஃபுக்குசவா மறைந்து பல ஆண்டுகள் ஆனபின்பும் நன்றி மறவாத கிட்டசாட்டோ, அவர் நிறுவிய கெய்யோ பல்கலைக்கழகத்தில் 1917இல் மருத்துவப் பிரிவை அமைத்து அதன் முதல் தலைவரானார்.

ஆசானை எதிர்த்தவர் என்று தூற்றப்பட்ட அவர், தம் மற்றோர் ஆசானாகிய காக் 1908இல் ஜப்பானுக்கு வந்தபோது இரண்டு மாதங்களுக்கு மேல் உடனிருந்து உபசரித்தார். 1910இல் காக் மறைந்ததும், அவருடைய தலைமுடியை வைத்து ஜப்பானிய முறைப்படி சிறு ஆலயம் ஒன்றை எழுப்பி, ஆண்டுதோறும் நினைவுநாள் கொண்டாடினார். 1931ஆம் ஆண்டு ஜூன் 13ஆம் நாள் கிட்டசாட்டோ டோக்கியோவில் காலமானார். மாணவர்கள் அவருக்கும் அதன் அருகிலேயே ஓர் ஆலயம் அமைத்தனர். இரண்டாம் உலகப் போரின் குண்டுவீச்சில் காக்கின் ஆலயம் எரிந்துபோகவே, ஆசானின் நினைவையும் மாணவரின் ஆலயத்துக்குள்ளேயே கொண்டுவந்து சேர்த்தார்கள். நிலையத்தின் வளாகத்தில் இருவரும் இன்றும் ஒரே கூரையின் கீழ் இருக்கிறார்கள்.